தப்போடு கூடப் போகிறவள்

போன வாரம் சர்தார் பையன் வந்திருந்தான். நான் இப்போது சமைக்கிற வீடு வேறு. ஆனாலும் டெல்லியில் நான் இருக்கிற துவாரகா பக்கம் வந்தால் கேட்டுக்கு வெளியே நின்று போன் போடுவான், நான் இறங்கிப் போவேன். அவன் டிரம்ஸ் அடிக்கிறவன். பேசுவது இந்தி. இங்கே எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"ஆண்ட்டி ஜி, புதுசா ஒரு ஷோ பண்ணினோம், பாருங்க" என்று போனை நீட்டினான்.

பார்த்தேன். பின்னால் இவன், பக்கத்தில் கித்தார் பையன், முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு புதுப் பொண்ணு. நல்ல குரல், குறை சொல்ல முடியாது. நடுவில் ஓரிடத்தில் இவன் அடி தவறிவிட்டான். அந்தப் பொண்ணு தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போனாள். இவன் பஸ்ஸை விட்டவன் மாதிரி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான்.

"நான் தப்பு விட்டது கேட்டுதா?"

"கேட்டுது" என்றேன்.

"முன்னெல்லாம் கேக்காது" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

முன்னெல்லாம் ஏன் கேட்காது என்றால், அப்போது முன்னால் நின்றவள் வேறு. அவள் பேரை எழுதவில்லை. அவளுக்குப் பிடிக்குமோ என்னமோ.

நான் அவர்கள் வீட்டுக்குச் சமைக்கப் போய் ஐந்தாறு வருஷம் இருக்கும். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டு பையன்கள், ஒரு பொண்ணு. பேண்டு என்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணத்தில் குதிரைக்கு முன்னால் ஊதிக்கொண்டு போகிற பேண்டுதான். இது அது இல்லை, ராக் பேண்டாம். ஓர் அறை முழுக்கச் சுவரோடு பழைய மெத்தைகளை நிறுத்தி வைத்து, அதற்குள்ளே மூன்று பேரும் கத்துவார்கள். முதல் நாள் உள்ளே சண்டை என்று நினைத்துச் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

அந்தப் பொண்ணுதான் வந்து, "வாங்கம்மா, அடிச்சுக்கல, பாடறோம்" என்று உள்ளே கூப்பிட்டாள். அவள் அப்பா சர்க்கார் ஆபீஸில் இருந்தவர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா அம்மா ரிட்டயர் ஆகித் திருச்சிக்குப் போய்விட்டார்கள், இவள் போகவில்லை. தமிழ் பேசுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கோ தமிழ் மட்டும்தான் எழுத்து. சேலம் ஜில்லாவில் அஞ்சாவது வரைக்கும் படித்ததோடு சரி.

அன்றைக்குச் சாம்பாரில் உப்பு கரித்தது. புது வீடு என்ற பயத்தில் இரண்டு தடவை போட்டுவிட்டேன். சர்தார் பையன் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். கித்தார் பையன் மிசோரம் பக்கத்துப் பிள்ளை, என்னைவிட வாய் பேசாதவன். அவன் சோற்றில் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். நான் சமையலறை வாசலில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். மறுநாள் வர வேண்டாம் என்பார்கள் என்று மனசுக்குள் தயாராகிவிட்டேன்.

அந்தப் பொண்ணு இன்னும் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றிப் பிசைந்தாள்.

"நான்தான் ஆண்ட்டிகிட்ட உப்பு ஜாஸ்தி போடச் சொன்னேன். தொண்டைக்கு நல்லது."

"உப்புத் தண்ணியில கொப்புளிப்பாங்க. சாம்பார்லயா?" என்றான் சர்தார் பையன்.

"அச்சா, அப்ப நீ கொப்புளிச்சுட்டு முழுங்கு."

கித்தார் பையன் சிரித்துவிட்டான். மூன்று பேரும் தட்டைக் காலி பண்ணினார்கள். அவள் என் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். அவள் பாடுவதே அப்படித்தான் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் ஆனது. தெரிந்துகொண்டதும் நானாக இல்லை, சர்தார் பையன் சொல்லித்தான். நான் பட்டாணி உரிக்க உட்கார்ந்தால் அவனும் வந்து உட்காருவான். நாலு உரித்தால் இரண்டு தின்பான். ஒரு நாள் நான் கேட்காமலே சொன்னான்.

"மத்த பேண்டுல நாம தப்பு விட்டா, முன்னாடி நிக்கிறவங்க திரும்பி முறைப்பாங்க, ஆண்ட்டி ஜி. இவ திரும்பவே மாட்டா. நான் அரை அடி தவறினா அவளும் அரை அடி தவறிப் பாடுவா. வேணும்னே. அப்ப கேக்கறவன் என்ன நினைப்பான்? பாட்டே அப்படித்தான் போலன்னு நினைப்பான்."

"நீ தவறாம அடிக்கக் கூடாதா?" என்றேன். எனக்கே என் தைரியம் ஆச்சரியமாக இருந்தது.

"அதைத்தான் எங்க அம்மாவும் கேக்கறாங்க" என்று பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டான்.

அப்புறம் நான் கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். உண்மைதான். கித்தார் பையன் பயந்து மெதுவாக வாசித்தால் இவளும் குரலை இறக்கி, அவன் வாசிப்பது மேலே தெரியும்படி வைத்துக்கொள்வாள். சர்தார் பையன் அவசரப்பட்டால் இவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். யார் எங்கே விழுந்தாலும் அங்கே இவள் போய் விழுந்து, இரண்டு பேருமாக எழுந்து வருவார்கள். இந்த வேலைக்குக் குரல் மட்டும் இருந்தால் பத்தாது என்று எனக்கே பட்டது. ஆனால் விழுகிறது என்னவோ குரல்தான். அதை நான் யோசிக்கவில்லை.

என்னையும் கவனிப்பாள். பாடுகிற அறைக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைப்பாள். காற்றுக்கு என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் தட்டைக் கழுவ எடுத்து வந்தவள், "அம்மா, இன்னிக்கு ரெண்டாவது பாட்டுல கரண்டியை நிறுத்திட்டீங்க. எந்த இடத்துல?" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அடுப்பைச் சின்னதாக்க நிறுத்தினேன் கண்ணு."

"பொய். அடுப்புச் சத்தம் மாறல."

அப்புறம் அந்த இடத்தை வாயால் முனகிக் காட்டினேன். வார்த்தை எனக்குப் புரியாது, இழுத்த விதம் மட்டும் மனசில் இருந்தது. அவள் தலையாட்டிக்கொண்டே உள்ளே போய், "ஆண்ட்டி பாஸ் பண்ணிட்டாங்க, அந்த இடம் மாத்தாதீங்க" என்று பையன்களிடம் சொன்னாள். என் வாழ்க்கையில் எது நன்றாக இருக்கிறது என்று என்னிடம் யாரும் சாப்பாட்டைப் பற்றிக் கூடக் கேட்டதில்லை. வாய் திறக்க மாட்டேன் என்றுதான் எல்லா வீட்டிலும் என்னை வைத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் அவளுக்கு நான் எதையாவது கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

தீபாவளி முடிந்ததும் டெல்லியில் புகை இறங்குமே, அந்த நாட்கள். எல்லாருக்கும் தொண்டை கட்டும். அவளுக்கும் கட்டியது. நான் சித்தரத்தையை இடித்து, கிராம்பு நிறையப் போட்டு, பனங்கற்கண்டு சேர்த்துப் பொடி பண்ணி, ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் வீட்டில் யாருக்குத் தொண்டை கட்டினாலும் அதுதான். ஒரு சிட்டிகை வாயில் அடக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், "அம்மா, மேஜிக். ஒண்ணுமே தெரியல, வலியே இல்ல" என்று குதித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு டப்பா. அப்புறம் வாரத்துக்கு இரண்டு. கிராம்பு கூடப் போடுங்கம்மா என்பாள், போடுவேன். இடிக்கும்போது எனக்கு எவ்வளவு பெருமை. அவள் பாட்டில் என் கையும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

காலையில் நான் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "அம்மா, வரேன்" என்பாள். தை மாதம் பிறந்த சமயம் அந்த "அம்மா"வில் முதல் எழுத்து வரவில்லை. காற்று மட்டும் வந்தது. குளிர் என்று நினைத்தேன். மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். பத்து மணிக்கு மேல் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டால் குரல் எழுந்துவிடும், யாருக்கும் தெரியாது. காலை ஏழு மணிக்கு அவள் பேச்சைக் கேட்கிற ஆள் நான் ஒருத்திதான். பையன்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

எனக்குத் தெரிந்தது. குரல் உள்ளே எங்கேயோ தேய்கிறது என்று நன்றாகத் தெரிந்தது. சொல்லவில்லை. அவர்கள் எல்லாம் படித்தவர்கள், பாட்டையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள், சமைக்கிறவளுக்கென்ன தெரியும் என்பார்கள் என்று இருந்தது. அது ஒரு காரணம். இன்னொன்று, டப்பாவை வேண்டாம் என்று சொன்னால் எனக்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது? சாம்பாரும் சப்பாத்தியும்தான்.

மாசி மாதம் ஒரு காலேஜில் விழா. பெரிய மேடை, மத்தியான வெயில். "நீங்களும் வாங்கம்மா, தண்ணி பிடிச்சு வைக்க ஆள் வேணும்" என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டாள். தண்ணீர் பிடிக்க ஆள் வேண்டியதில்லை, எனக்கே தெரியும். மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது பாட்டில் கித்தார் பையன் குனிந்து எதையோ எடுக்கும்போது தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டான். தண்ணீர் நேராகப் பிளக்குப் பெட்டி மேல். படாரென்று ஒரு சத்தம், மேடையில் எல்லாம் செத்துப்போனது. மைக் இல்லை, கித்தார் இல்லை. கீழே அத்தனை பிள்ளைகளும் விசிலடித்து ஊளையிட ஆரம்பித்தார்கள். அந்தப் பையன் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறான். அத்தனை பேரும் அவனைத்தான் பார்க்கிறார்கள்.

அவள் திரும்பவில்லை. மேடை விளிம்புக்குப் போய்க் காலைக் கீழே தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மைக் இல்லாமலே பாட ஆரம்பித்தாள். வெட்டவெளியில் வெறும் தொண்டையை வைத்துக்கொண்டு. முன்வரிசையில் இருந்தவர்கள் விசிலை நிறுத்தினார்கள். அவர்கள் பின்னால் இருந்தவர்களை அடக்கினார்கள். கையைத் தட்டச் சொல்லிக் காட்டினாள், தட்டினார்கள். சர்தார் பையன் வெறும் டிரம்ஸை அடித்தான். அரை மணி நேரம். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு என்றுதான் அத்தனை பேரும் நினைத்திருப்பார்கள். கித்தார் பையன் பின்னால் என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோளைத் தொடலாமா என்று யோசித்தேன். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

அவள் பின்னால் வந்தாள். "அம்மா" என்று வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கையை நீட்டினாள்.

டப்பா என் பையில் இருந்தது. வேண்டாம் கண்ணு, போதும், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வேண்டும். ஐந்தே வார்த்தை. நெஞ்சு வரைக்கும் வந்தது. மேடையில் யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், கீழே பிள்ளைகள் கத்தினார்கள். நான் டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒரு சிட்டிகைக்கு மூன்று சிட்டிகை எடுத்துக்கொண்டாள். கண்ணை மூடி நின்றாள். குரல் வந்தது. போய் இன்னும் ஒரு மணி நேரம் பாடினாள்.

மறுநாள் காலையில் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. கதவு திறந்தது, நின்றாள். தொண்டையைக் காட்டிக் கையை விரித்தாள்.

ஆஸ்பத்திரியில், துணைக்கு ஓர் ஆள்தான் உள்ளே வரலாம் என்றார்கள். பையன்கள் இரண்டு பேரும் எழுந்தார்கள். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு பெண். மூக்கு வழியாகக் குழாயை விட்டு, குரல் வருகிற இடத்தை டிவியில் காட்டினார். இரண்டு வெள்ளைக் கோடு, ஒரு பக்கம் சிவப்பாக உப்பிக்கொண்டு இருந்தது. ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்.

"இது ஒரு நாள்ல வந்தது இல்ல. முன்னாடியே வீங்கியிருக்கு. இதோட நேத்து எப்படிப் பாடினே? வலிச்சிருக்கணுமே" என்று இந்தியில் கேட்டார்.

அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். டாக்டர் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"கிராம்பு. தொண்டையை மரத்துப்போக வெச்சுட்டுப் பாடியிருக்கே. நெருப்பு பட்டா வலிக்கும், வலிச்சாத்தான் கையை எடுப்போம். நீ கையை எடுக்கவே இல்ல. யார் குடுத்தா இதை?"

நான் மூலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் விரலை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். நானே என்று. என் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் பிடித்துத் திட்ட ஆரம்பித்தார். படித்த பொண்ணு, இப்படி யாராவது செய்வார்களா என்று பத்து நிமிஷம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான்தான் டாக்டரம்மா கொடுத்தேன் என்று நான் எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். அந்தப் பத்து நிமிஷத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். என் வாய் அப்போதும் திறக்கவில்லை.

மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பையன்களுக்கு அவள் போனில் இங்கிலீஷில் எழுதிக் காட்டுவாள். எனக்கு எதில் எழுதிக் காட்டுவாள்? எனக்குத் தெரிந்த எழுத்து அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. பகலில் பையன்கள் வெளியே போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வேண்டுமா வேண்டாமா என்பது வரைக்கும் கை காட்டலாம். அதற்கு மேல்?

ஒரு நாள் எதையோ எனக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று பட்டிருக்கிறது. போனில் தட்டினாள், போன் தமிழில் பேசியது. ரயில்வே ஸ்டேஷனில் அறிவிக்கிற அம்மாள் மாதிரி ஒரு குரல். "நீங்கள் கவலைப்பட வேண்டாம். இது உங்கள்…" என்று ஆரம்பித்தது. தன் வார்த்தையை அந்தக் குரலில் கேட்டதும் அவள் முகம் போன போக்கு. பாதியிலேயே அமுக்கிவிட்டாள். அப்புறம் எனக்கு முன்னால் அந்தப் போனை எடுக்கவே இல்லை.

அப்புறம் ஆபரேஷன். பேச்சு வந்தது. கொஞ்சம் கரகரப்பு, மற்றபடி நல்ல பேச்சு. பாட்டு வரவில்லை. வரும், நாளாகும் என்றார்கள். யார் முன்னாலும் பாடிப் பார்க்க மாட்டாள். சமையலறையில் வந்து என் பக்கத்தில் நிற்பாள். குக்கர் விசில் அடிக்கும்போது மட்டும், அந்தச் சத்தத்துக்குள் ஒளித்து, மேலே ஏறிப் பார்ப்பாள். கீழே சரியாக இருக்கும். ஏறும்போது நடுவில் ஒரு படி இல்லாத மாதிரி கால் வழுக்கும். விசில் நின்றதும் வாயை மூடிக்கொள்வாள். நான் கேட்காதவள் மாதிரி காய் நறுக்குவேன். அடுப்பை அணைக்காமல் இரண்டு விசில் கூட விடுவேன். அந்த மாதங்களில் அந்த வீட்டில் பருப்பு எல்லாம் குழைந்து கஞ்சியாகத்தான் இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் திருச்சிக்கே போவதாகச் சொன்னாள். புது ஆளைத் தேடச் சொல்லி அவளேதான் பையன்களை அனுப்பினாள். போகிற அன்றைக்கு மூன்று பேரும் முன் அறையில் இருந்தார்கள். அவள் தரையில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையிலிருந்து வெளியே வந்து, அறை நடுவில் நின்றேன். அந்த வீட்டில் அந்த இடத்தில் நான் நின்றதே இல்லை, துடைத்ததுதான். இந்தியில் சொன்னேன், பையன்களுக்கும் தெரியட்டும் என்று.

"அந்தப் பொடி நான் குடுத்தது. அவ குரல் போகுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தினம் காலையில கேட்டேன். தெரிஞ்சேதான் குடுத்தேன். டாக்டர்கிட்ட நான் சொல்லல."

சர்தார் பையன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கித்தார் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் இந்தியில் அவர்களிடம், "ஆண்ட்டி ஒரு தடவைதான் குடுத்தாங்க. மத்ததெல்லாம் நான் கடையில வாங்கினது" என்றாள். அப்புறம் தமிழில், எனக்கு மட்டும், "எனக்கும் தெரியும்மா. உங்களுக்கு முன்னாடியே தெரியும். நீங்க குடுக்கலைன்னாலும் பாடியிருப்பேன்."

இந்தியில் சொன்னது பொய். ஒவ்வொரு டப்பாவும் என் கையால் இடித்தது. தமிழில் சொன்னது நிஜமா, அதுவும் அந்த முதல் நாள் உப்பு மாதிரிதானா?

கேட்க வாய் எடுத்தேன். கீழே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் எழுந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தை நான் பிடித்தேன். பையன்கள், "விடுங்க ஆண்ட்டி ஜி" என்றார்கள், நான் விடவில்லை. மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். ஒவ்வொரு தடவையும் கேட்க இடம் இருந்தது. அவளும் அவசரப்படாமல் நின்றாள். நான் கேட்கவில்லை.